வைத்தியர் நினைவும் நிபுணத்துவமும்

கல்வியிற் சிறந்தவன் யார் என நம்மவரிடம் வினவினால், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே. படித்ததை மறவாதவன், கேட்ட இடத்திற் கேட்டபடி ஒப்புவிப்பவன், அவனே சிறந்த மாணாக்கன் என்பர். அத்தகையோருள்ளும் முதன்மை பெற்றோர் வைத்தியக் கல்விக்குச் செல்வதே முறை என்னும் எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. என்புகளின் பெயர்களும் நரம்புகளின் பெயர்களும் நோய்களின் குறிகளும் மருந்துகளின் அளவுகளும் மனத்துட் கிடத்தல் வேண்டுமாதலின், நினைவாற்றல் மிக்கவனே நல்ல வைத்தியனாவான் என்பது இவ்வெண்ணத்தின் அடிப்படை. இது எவ்வளவுக்கு உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னது என்பதையும் அது தோன்றிய காரணத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து, பின்னரே பிழையின்றி மருத்துவஞ் செய்தல் வேண்டுமென விதி கூறப்படுகின்றது. அவ்வாராய்ச்சி வைத்தியனின் உள்ளத்துள் எவ்வாறு நிகழ்கின்றது? புதிதாகக் கற்பவனின் உள்ளத்துக்கும் நெடுங்காலம் பழகியவனின் உள்ளத்துக்கும் வேற்றுமை யாது? இவ்வினாக்களுக்கு உளநூல் அறிஞர் கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பரிசோதனை முறையால் விடை தேடி வந்துள்ளனர். அவர்கள் கண்ட முடிபுகள் வைத்தியர்க்கு மட்டுமன்றி, ஆசிரியராகிய நமக்கும் பயன்படுவன. அவற்றுட் சில, நாம் உறுதியென நம்பியிருந்தவற்றைத் தலைகீழாக்குவன.

முதலில் நினைவின் எல்லையை நோக்குவோம். 1956ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர், மனிதன் ஒரே பார்வையில் அல்லது ஒரே கேள்வியில் மனத்திற் கொள்ளத்தக்கவை ஏறக்குறைய ஏழு பொருள்களே என எழுதினார். இரண்டு கூடலாம், அல்லது இரண்டு குறையலாம் என்றார். 2001ஆம் ஆண்டில் நெல்சன் கவன் என்பார் இவ்வெண்ணிக்கை நான்களவே எனக் காட்ட முற்பட்டார். ஏழாயினும் நான்காயினும், அது மிகச் சிறியதே. பேரறிஞனுக்கும் வளர்ந்தோராகிய ஏனையோருக்கும் இவ்வெல்லையில் அத்துணை வேறுபாடில்லை. அங்ஙனமாயின் அறிஞன் மிகுதியாக நினைவிற் கொள்வது எவ்வாறு?

இதற்கு விடை, அவன் கொள்ளும் பொருள்களின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு பொருளும் தன்னுள் எவ்வளவு அடக்கியுள்ளது என்பதிலேயே உள்ளது. யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்னும் மூன்று பெயர்களையும் எழுதிக் காட்டினால், இவற்றிலுள்ள இருபது எழுத்துக்களையும் நம் மாணாக்கன் ஒருமுறை பார்த்தே பிழையின்றி எழுதிவிடுவான். அவன் மனத்திற் கொண்டவை இருபதல்ல, மூன்றே. தமிழறியாத ஒருவனுக்கோ அவை இருபது விசித்திரக் கோடுகள். அவ்விருபது எழுத்துக்களையும் கலைத்து ஒழுங்கின்றி எழுதிக் காட்டினால் நம் மாணாக்கனும் தடுமாறுவான். எழுத்துக்கள் மாறவில்லை, அவற்றைப் பிணித்திருந்த பொருளே அகன்றது. இங்ஙனம் பல கூறுகள் பொருளாற் பிணிப்புண்டு ஒன்றாய் நிற்பதைத் தொகுதி எனக் குறிப்போம்.

இவ்வுண்மையைத் தெளிவாக நிறுவியவர்கள் சதுரங்க ஆட்டத்தை ஆராய்ந்தவர்கள். ஒல்லாந்து நாட்டவராகிய அட்ரியான் டி குறூட் 1946இல் வெளியிட்ட ஆய்விலே, ஆட்டத்தின் நடுவிலுள்ள ஒரு பலகையைச் சில வினாடிகள் மட்டும் காட்டி மறைத்தபோது, தலைசிறந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய எல்லாக் காய்களையும் உரிய இடங்களில் மீண்டும் வைத்தனர் எனக் கண்டார். அவர்கள் இயல்பாகவே பேராற்றல் வாய்ந்த நினைவுடையோர் போலும் என எண்ணத் தோன்றும். வில்லியம் சேஸ், ஹேபேட் சைமன் என்னும் இருவர் 1973இல் அவ்வெண்ணத்தைச் சோதித்தனர். காய்களை ஆட்ட ஒழுங்கின்றி மனம்போனபடி பலகையில் இட்டுக் காட்டியபோது, வல்லவனுக்கும் கற்றுக்குட்டிக்கும் இடையே இருந்த பெருவேறுபாடு ஏறக்குறைய மறைந்துபோயிற்று. வல்லவன் பெற்றிருந்தது பொதுவான நினைவாற்றலன்று. பல்லாயிரம் ஆட்டங்களாற் படிந்த சதுரங்க அறிவே அவனுக்கு நினைவாய் நின்றது.

1980ஆம் ஆண்டில் அன்டேர்ஸ் எரிக்சனும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் வலியுறுத்தும். சாதாரண நினைவுடைய கல்லூரி மாணவர் ஒருவர், 230 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட பயிற்சியின் பின்னர், ஒருமுறை கேட்ட 79 இலக்கங்களை வரிசை பிறழாது கூறும் வல்லமை பெற்றார். அவர் ஓட்டப் போட்டிகளில் ஈடுபட்டவர். ஆகவே இலக்கங்களை ஓட்ட நேரங்களாகத் தொகுத்து மனத்திற் பதித்தார். இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துக்களைக் கூறியபோதோ, அவரது எல்லை ஆறளவிற்கு இறங்கிற்று. பயிற்சி அவருக்கு அளித்தது அத்துறைக்கேயுரிய ஒரு கருவி; பிற துறைக்கு அது பயன்படவில்லை.

இனி வைத்தியத்துக்கு வருவோம். சதுரங்க ஆய்வுகளைக் கண்ட கல்வியாளர், வைத்தியரிடத்தும் இதுவே நிகழுமென எதிர்பார்த்தனர். நோயாளி ஒருவரின் வயது, தொழில், முறைப்பாடு, உடற்சோதனை, ஆய்வுகூட முடிபு முதலியவற்றை ஓரிரு பக்கங்களில் எழுதி, அதனை வைத்திய மாணாக்கருக்கும் பழுத்த வைத்தியருக்கும் வாசிக்கக் கொடுத்தனர். பின் தாளை வாங்கிக்கொண்டு, நினைவிலுள்ளதை எழுதச் செய்தனர். நோய் யாதெனவும் வினவினர். நோயைச் சரியாகக் கூறும் திறன் படிப்படியாக உயர்ந்து நிபுணரிடத்தே உச்சமடைந்தது. நினைவோ அவ்வாறு உயரவில்லை. முதலாண்டு மாணாக்கரினும் நடுவாண்டு மாணாக்கர் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஆனால் நெடுநாட் பழகிய வைத்தியர் அந்நடுவாண்டு மாணாக்கரினும் குறைவாகவே எழுதினர். இதனை ஆய்வாளர் இடைநிலை விளைவு என அழைப்பர். நெதர்லாந்து அறிஞராகிய ஹென்க் ஷ்மிட், ஹென்னி பொசுஹைசன் ஆகிய இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்குவது. வாசிக்கும் நேரத்தைக் குறைத்தபோது இடைநிலை மாணாக்கரின் நினைவு பெரிதுஞ் சுருங்கிற்று. நிபுணரின் நினைவோ அத்துணை மாறவில்லை.

இவ்வாய்வைப் படித்தபோது, பல்லாண்டுகளுக்கு முன்னர் கேட்ட ஒரு செய்தி என் நினைவிற்கு வந்தது. கீழ் வகுப்புக்களில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வைத்தியபீடத்தில் மூன்றாம் ஆண்டிற் கற்றுக்கொண்டிருந்தார். விடுமுறையில் என்னைக் காண வந்தவரின் முகத்திற் சோர்வு குடிகொண்டிருந்தது. காரணம் வினவினேன். விடுதியில் ஒரு நோயாளியைப் பற்றித் தாம் கால்மணி நேரம் ஒன்றும் விடாது எடுத்துரைத்ததாகவும், கேட்டுக்கொண்டிருந்த வைத்திய நிபுணர் அவை அனைத்தையும் மூன்று வாக்கியங்களில் அடக்கி நோயின் பெயரையுங் கூறிவிட்டதாகவும் சொன்னார். மறுநாள் அந்நோயாளியின் உடல்வெப்பநிலை முதல்நாட் காலையில் எவ்வளவு என ஒருவர் கேட்டபோது, நிபுணருக்கு அது நினைவில்லை, இவருக்கு இருந்தது. இவ்வளவும் நினைவிலிருந்தும் நோயைத் தம்மாற் காண இயலவில்லையே என்பதே அவர் துயரம். கல்லூரியில் நினைவாற்றலுக்காகப் பரிசில் பெற்றவர் அவர். அப்பொழுது அவருக்கு ஏற்ற விடை கூற என்னால் இயலவில்லை. இன்னும் ஊன்றிப் படியுங்கள் என்று மட்டுமே கூறினேன். அது போதாத விடை என்பதை இன்று அறிகின்றேன்.

நிபுணர் குறைவாக நினைவுகூர்தற்குக் காரணம் மறதியன்று. ஷ்மிட்டும் பொசுஹைசனும் கூறும் விளக்கம் பின்வருமாறு. மாணாக்கன் முதலில் உடற்கூற்றையும் உடற்றொழிலையும் நோய்க்காரணத்தையும் தனித்தனியே கற்கின்றான். நோயாளியைக் காணும்போது ஒவ்வொரு குறிக்கும் காரணத்தை அடியிலிருந்து தொடுத்து விளக்க முயல்கின்றான். ஆதலால் அவன் மனத்திற் சிறு செய்திகள் யாவும் தங்குகின்றன. பல நோயாளிகளைக் கண்டு பழகப் பழக, அந்நீண்ட காரணத் தொடர்கள் சுருங்கி ஒரு சொல்லுள் ஒடுங்குகின்றன. நடுக்கம், கடுங்காய்ச்சல், விரைந்த நாடி, தாழ்ந்த குருதியமுக்கம் என நான்கு செய்திகளாக மாணாக்கன் எழுதுவதைக் குருதியில் நுண்ணங்கி பரவியுள்ளது என நிபுணர் ஒரே தொடரில் எழுதுவார். அடிப்படை அறிவு அழியவில்லை. விதைக்குள் மரம்போல ஒடுங்கி நிற்கின்றது. வேண்டிய இடத்து, அதாவது நோய் வழக்கமான வடிவில் வாராத இடத்து, நிபுணர் அதனை மீண்டும் விரித்து நோக்குவர்.

இங்ஙனம் ஒடுங்கிய அறிவு, நோய்தோறும் ஒரு வரலாறாக உருப்பெறுகின்றது. போல் பெல்ரோவிச், ஹவார்ட் பரோஸ் ஆகியோர் 1984இல் இதற்கு மூன்று உறுப்புக்கள் கூறினர். நோய்க்கு இடங்கொடுக்கும் சூழ்நிலை ஒன்று. உடலுள் நேரும் பழுது ஒன்று. அப்பழுதின் விளைவாகத் தோன்றும் குறிகள் ஒன்று. நம் நாட்டில் அடிக்கடி காணப்படும் எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். மாரிகாலத்தில் வெள்ளம் நின்ற வயலிலே வெறுங்காலுடன் இறங்கி வேலை செய்தல் சூழ்நிலை. எலி முதலிய விலங்குகளின் சிறுநீராற் கெட்ட நீரிலிருந்து, தோலிலுள்ள கீறல்களின் வழியே நுண்ணங்கி உட்புகுந்து குருதியிற் பரவுதல் பழுது. கடுங்காய்ச்சல், கெண்டைக்காற் தசைநோவு, கண் சிவத்தல், சிலரிடத்துக் கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல் ஆகியவை விளைவு. பழகிய வைத்தியருக்கு இவை ஏழெட்டுச் செய்திகளல்ல, ஒரு கதை. கதையின் முதலடி கேட்டவுடனே இறுதியடியும் உடன் எழுகின்றது. எந்த அடி காணாமற் போயிற்று என்பதும் உடனே புலப்படுகின்றது. நோயாளி வயல் வேலை செய்பவரெனக் கேட்டதும் வைத்தியரின் கை தானாகவே கெண்டைக்காலை அழுத்திப் பார்ப்பது இதனாலேயே.

இவ்விளக்கம் சரியானதாயின், நோயைக் காணுதற்கு இன்றியமையாத செய்திகளை நிபுணர் மறவாதிருத்தல் வேண்டுமன்றோ? ஆம், அதுவும் சோதிக்கப்பட்டது. கனடா நாட்டு ஜெவ்ரி நோர்மன் முதலியோர் 1989இல் ஆய்வுகூட எண்களை மாணாக்கருக்கும் நிபுணருக்கும் காட்டினர். நினைவில் வைக்குமாறு சொல்லாது நோயை ஆராயுமாறு மட்டும் பணித்து, பின்னர் எதிர்பாராத வகையில் அவ்வெண்களை வினவியபோது, நிபுணரே மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஆகவே நினைவு என்பது கவனம் சென்ற வழியின் சுவடு என்று கொள்ளலாம். எதனை நோக்கி மனம் உழைத்ததோ அதுவே எஞ்சுகின்றது. மனனஞ் செய்ய உழைத்தவனுக்குச் சொற்கள் எஞ்சும். பொருள் காண உழைத்தவனுக்குப் பொருள் எஞ்சும்.

அடுத்து, பிரச்சினை தீர்க்கும் முறையை நோக்குவோம். சிறந்த வைத்தியர் மற்றவரினும் சிறந்த ஆராய்ச்சி முறை ஒன்றைக் கையாளுகின்றனர் என்றும், அம்முறையைக் கற்பித்தால் யாவரும் சிறப்பர் என்றும் ஒரு காலத்திற் கருதப்பட்டது. ஆதர் எல்ஸ்ரைன், லீ ஷுல்மன், சாரா ஸ்பிராவ்கா ஆகியோர் 1978இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை அசைத்தது. நோயாளியைச் சந்தித்த மிகக் குறுகிய நேரத்துக்குள்ளேயே வைத்தியர் யாவரும் சில கருதுகோள்களைக் கொண்டுவிடுகின்றனர். நிபுணருக்கும் மற்றவருக்கும் இம்முறையில் வேறுபாடு காணப்படவில்லை. மேலும், ஒரு நோயாளியின் நோயைத் திறம்பட ஆராய்ந்தவர் அடுத்த நோயாளியிடத்தும் அங்ஙனமே திறம் காட்டுவார் என்று கூற இயலவில்லை. இருதய நோயில் வல்லவர் நரம்பு நோயில் வல்லவராதல் வேண்டியதில்லை. திறன் முறையைச் சார்ந்ததன்று, பொருளறிவைச் சார்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அளவையியல் கற்பிப்பவனாகிய எனக்கு இன்னொரு முடிபு மிக்க வியப்பளித்தது. கருதுகோளை முதலில் அமைத்து, அதிலிருந்து விளைவுகளை உய்த்தறிந்து, அவை உண்மையிற் காணப்படுகின்றனவா எனச் சோதித்தலே விஞ்ஞானமுறை என நாம் வகுப்பிற் கற்பிக்கின்றோம். விமலா பட்டேல், கை குறூன் என்னும் இருவர் மொன்றியலில் இருதய நிபுணர் எழுவருக்கு, இருதயத்தின் உட்படலத்தைப் பற்றும் ஒரு கடும் நுண்ணங்கித் தொற்றின் விவரத்தைக் கொடுத்து விளக்கக் கேட்டனர். 1986இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, நோயைச் சரியாகக் கண்டவர்கள் தரவிலிருந்து முடிபை நோக்கி நேரே முன்சென்றனர். சரியாகக் காணாதவர்களின் விளக்கத்திலே, கருதுகோளிலிருந்து தரவை நோக்கிப் பின்செல்லும் நியாயம் கலந்திருந்தது. கேத்திரகணிதத்தில் இதற்கு ஒப்புக் காணலாம். புதிய மாணாக்கன் நிறுவவேண்டியதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் தேடுவான். ஆசிரியரோ தரப்பட்ட உருவத்தைப் பார்த்தவுடனே அடுத்த படியைக் காண்பார். ஆயினும் முன்செல்லும் நியாயம் அறிவு நிறைந்த இடத்திலேயே பாதுகாப்பானது. அறிவு குறைந்தவன் அவ்வாறு பாய்ந்து செல்வானாயின், அது நிபுணத்துவமன்று, துணிச்சலே. விளங்காத நோய் வந்தபோது நிபுணரும் கருதுகோளமைத்துச் சோதிக்கும் மெதுவான முறைக்கே திரும்புவர்.

இதுகாறும் நிபுணத்துவத்தின் நன்மையைக் கண்டோம். அதற்கு ஒரு நிழலும் உண்டு. 1975இல் ஹரல்ட் குண்டல், கல்வின் நோடின் ஆகியோர் நெஞ்சின் எக்ஸ் கதிர்ப் படங்களை ஒரு வினாடியின் ஐந்திலொரு பங்கு நேரமே கதிர்ப்பட நிபுணருக்குக் காட்டினர். கண்ணை அசைத்துத் தேடவும் இடமில்லாத அந்நேரத்தில், ஏறக்குறைய 70 வீதமானவற்றில் அவர்கள் சரியான முடிபு கூறினர். இது வியக்கத்தக்கது. 2013இல் ட்ராவ்ட்டன் ட்ரூ முதலியோர் வெளியிட்ட ஆய்வோ வேறு வகையில் வியக்கத்தக்கது. சுவாசப்பையிலுள்ள சிறு கட்டிகளைத் தேடுமாறு 24 கதிர்ப்பட நிபுணருக்குப் படங்களைக் கொடுத்து, அவற்றுட் சிலவற்றில் ஒரு கொறில்லாக் குரங்கின் உருவையும் பதித்திருந்தனர். அது சராசரிக் கட்டியினும் 48 மடங்கு பெரியது. 20 பேர் அதனைக் காணவில்லை. அவர்களுட் பெரும்பாலோரின் கண் அவ்விடத்திலேயே தங்கியிருந்தும், மனம் அதனை ஏற்கவில்லை. கட்டியைக் காணப் பயின்ற கண், கட்டியல்லாததை விலக்கவும் பயின்றுவிட்டது.

மனம் முன்னர்க் கண்ட கதையையே மீண்டும் காண விரும்புவது, நோயாளிக்கு உயிர்ச்சேதமாகவும் முடியலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிகாலத்தில், கமக்காரராகிய என் மைத்துனர் காய்ச்சலுற்று வைத்தியசாலையொன்றிற் சேர்க்கப்பட்டார். ஊரெங்கும் டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த காலம் அது. விடுதியிற் கிடந்தோருட் பெரும்பாலோர் அந்நோயினரே. இவரது குருதியிலும் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. இளம் வைத்தியர் டெங்கு என்றே கொண்டு, இரண்டு நாள்கள் அவ்வெண்ணிக்கையையே கவனித்து வந்தார். மூன்றாம் நாட் காலையில் வந்த மூத்த வைத்தியர், கட்டிலின் அருகே அமர்ந்து, தொழில் யாதென வினவினார். வயலில் வேலையென்று கேட்டதும் கெண்டைக்காலை அழுத்தினார். மைத்துனர் நோவினால் அலறினார். கண்களின் சிவப்பையும் பார்த்தபின், அன்றே நுண்ணங்கிகொல்லி மருந்து தொடங்கப்பட்டது. சிறுதட்டுக்கள் எலிக்காய்ச்சலிலும் குறைவதுண்டு. டெங்கை அம்மருந்து தீர்க்காது; எலிக்காய்ச்சலுக்கோ அது காலத்தாழ்வின்றி வேண்டப்படுவது. மைத்துனர் பிழைத்தார்.

அவ்விளம் வைத்தியரைக் குறைகூறுதல் என் கருத்தன்று. எலிக்காய்ச்சலின் குறிகளை ஒப்புவிக்குமாறு கேட்டிருந்தால், ஒன்றும் விடாது ஒப்புவித்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்வறிவு அவரிடம் இருந்தது. கட்டிலருகே அது எழவில்லை. சில்வியா மமேதே முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதனையே காட்டுகின்றது. அண்மையில் ஒரு நோயைக் கண்ட பயிற்சி வைத்தியர், அதனை ஒத்த வேறொரு நோயையும் முன்னதன் பெயராலேயே அழைக்க முற்பட்டனர். சற்று அனுபவம் பெற்றிருந்த இரண்டாம் ஆண்டினரிடத்தே இத்தவறு காணப்பட்டது. ஆயினும், முதல் முடிபுக்குச் சார்பானவை எவை, எதிரானவை எவை, இருக்கவேண்டியும் இல்லாதவை எவை என வரிசைப்படுத்தி மீண்டும் ஆராயச் செய்தபோது, தவறு குறைந்தது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்ட காய்ச்சலொன்று முதலில் இனங்காணப்படாததெனப் பேசப்பட்டு, பின்னர் ஆய்வுகூடச் சோதனையால் எலிக்காய்ச்சலென உறுதிசெய்யப்பட்டமையை நம் வாசகர் அறிவர். காய்ச்சல்கள் ஒன்றையொன்று ஒக்கும் நம் நாட்டில், இவ்வரிசைப்படுத்தும் வழக்கம் வெறும் ஏட்டுப் பொருளன்று.

அங்ஙனமாயின் ஆண்டுகள் செல்லச் செல்ல வைத்தியர் தாமே திருந்திவிடுவாரா? அனுபவமே பெரிய ஆசான் என்பது நம் பழைய நம்பிக்கை. நிற்றீஷ் சௌத்ரி முதலியோர் 2005இல், வைத்தியரின் சேவைக்காலத்தையும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றுட் பாதிக்குச் சற்று மேற்பட்டவை, ஆண்டுகள் கூடக் கூடத் தரம் குறைந்தமையையே காட்டின. இதற்குக் காரணங் காண்டல் அரிதன்று. சதுரங்கம் ஆடுபவன் தன் பிழையை அன்றே தோல்வியால் அறிகின்றான். வைத்தியரோ தாம் மருந்தெழுதிய நோயாளி நலமுற்றாரா, வேறிடஞ் சென்றாரா, இறந்தாரா என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. முடிவு தெரியாத கதை ஆயிரம் கேட்டாலும் அறிவு வளராது. அறிவு பழையதாகிவிட, வழக்கம் மட்டும் உறுதிப்படும். என் மைத்துனரின் கட்டிலருகே அமர்ந்த மூத்த வைத்தியர், வீடு திரும்பியோரை ஒரு மாதத்தின் பின் மீண்டும் வரச்சொல்லிப் பார்ப்பவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவரது கை கெண்டைக்காலுக்குச் சென்றதன் காரணம் எனக்கு அப்பொழுதே விளங்கிற்று.

மேலே கூறியவற்றால் ஆசிரியராகிய நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, நினைவை இகழ்தல் தகாது. பொருளறிவின்றி நிபுணத்துவம் இல்லை. ஒடுங்குதற்கு முதலில் விரிந்த அறிவு ஒன்று இருத்தல் வேண்டும். இடைநிலை மாணாக்கன் எல்லாவற்றையும் சுமப்பது வளர்ச்சியின் ஒரு படியே. அன்று சோர்ந்து வந்த என் மாணவருக்கு நான் கூறியிருக்கவேண்டிய விடை இதுவே: உமது நினைவு பிழைபடவில்லை, அது இன்னும் ஒழுங்குபெறவில்லை, நோயாளிகளைக் காணக் காண ஒழுங்குபெறும்.

இரண்டாவது, உதாரணங்களைக் கலந்து கற்பித்தல். ஒரு வகைக் கணக்கையே ஒரு வாரம் செய்வித்து, மறுவாரம் அடுத்த வகைக்குச் செல்வது நம் வழக்கம். அங்ஙனம் செய்த மாணாக்கன் எம்முறையைக் கையாள்வதெனத் தானே தெரிவு செய்தற்குப் பழகுவதில்லை. றோஸ் ஹற்றாலா முதலியோர் 2003இல், இருதய மின்வரைபுகளை வகைவகையாகப் பிரித்துப் பயின்ற மாணாக்கரினும், வகைகளைக் கலந்து ஒப்பிட்டுப் பயின்றோர் புதிய வரைபுகளை நன்கு இனங்கண்டனர் எனக் காட்டினர். டெங்கையும் எலிக்காய்ச்சலையும் வேறுவேறு நாளிற் கற்றவன் இரண்டையும் அறிவான். அருகருகே வைத்துக் கற்றவனே வேற்றுமையை அறிவான். யாப்பு, அணி, அளவையியற் போலி முதலிய எல்லாவற்றிற்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, விடையின் முடிவை மாணாக்கன் அறியச் செய்தல். பிழையென்று ஒரு கோடிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுப்பது போதாது. எவ்விடத்தில் எக்காரணத்தால் வழி தவறினான் என்பதை அவனே எடுத்துரைக்கச் செய்தல் வேண்டும். வெளிவாரி மாணவனாக, வழிகாட்டுவாரின்றி, குறிப்புக்களை மனனஞ் செய்தே பட்டம் பெற்றவன் நான். பரீட்சைப் பெறுபேறு மட்டும் வந்தது. எங்கே பிழைத்தேன் என்பது இன்றுவரை தெரியாது. அதே முறையைப் பல்லாண்டுகள் என் மாணாக்கர் மீதும் ஏற்றினேன் என்பதை ஒப்புக்கொள்ளுதல் என் கடமை. குறிப்புச் சொல்ல, எழுதிக்கொள்ள, ஒப்புவிக்க என வகுப்புக்கள் கழிந்தன.

அண்மைக் காலமாகப் பாடத்தின் இறுதியில் ஒரு சிறு மாற்றஞ் செய்து வருகின்றேன். கற்ற இரண்டு கருத்துக்களுள் எதனைச் சேர்ந்ததென உடனே புலப்படாத ஓர் உதாரணத்தைக் கொடுத்து, சார்பானவை, எதிரானவை, இல்லாதவை என மூன்று நிரல்களில் எழுதச் சொல்கின்றேன். வகுப்பு மெதுவாகவே செல்கின்றது. ஒப்புவிப்பதில் முதல்வரானோர் சிலர் இதிற் பின்தங்குகின்றனர். கடைசி வாங்கிலிருந்து எதிர்பாராத குரல்கள் எழுகின்றன. நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் சிலர் வைத்தியராகச் செல்கின்றனர். நாளை ஒரு மாரிகால இரவில், நம்முள் ஒருவரின் கட்டிலருகே அவருள் ஒருவர் நிற்கக்கூடும். அவ்வேளையில் அவர் கற்றது ஒப்புவிக்கப்படவேண்டியதில்லை. எழவேண்டிய இடத்தில் எழுதல் வேண்டும். அதற்கேற்ற பயிற்சியைப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவைத்தல் நம் கடனாகும்.